வெளிக்குரல், வீட்டுக்குரல்

அப்பாவிடம் மைக் செட் இருந்தது. சோழவந்தானில் எங்கள் வீட்டுக்குக் கதவு எண்ணெல்லாம் யாரும் கேட்டதில்லை. ‘மைக் செட்காரர் வீடு’ என்றால் போதும். இரண்டு அகுஜா ஆம்ப்ளிஃபயர், குழாய்கள் என்று நாங்கள் சொல்லும் கூம்பு ஒலிபெருக்கிகள், அவற்றின் பின்னால் மாட்டுகிற யூனிட்டுகள், ஒரு ரெக்கார்டு பிளேயர், கோணிச் சாக்கில் சுற்றிய ட்யூப் லைட்டுகள், சீரியல் பல்புச் சரம், அப்புறம் இரண்டு தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், இழவு என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பெட்டிகள்தான் போகும்.

ராத்திரி வேலைக்குப் பெண் பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது என்பதால் பெட்டி கட்டுகிற வேலை எனக்கு வந்தது. என்ன விசேஷம், எந்த ஊர், எப்போது ஆரம்பம் என்று அப்பா சொல்வார். நான் ரெக்கார்டுகளைத் துடைத்து உறையில் போட்டு, போடவேண்டிய வரிசையிலேயே அடுக்கித் தருவேன். அப்பாவும் தம்பியும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வைகையைத் தாண்டித் தென்கரைக்கோ முள்ளிப்பள்ளத்துக்கோ போவார்கள். நான் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு, அடுக்கிக் கொடுத்த பாட்டெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நடுவில் ஒன்று மாறினால் உடனே தெரிந்துவிடும். யாரோ ஊர்ப் பெரிய மனிதர் வந்து விருப்பப்பாட்டு கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் வருகிற கீறல் சத்தத்தை வைத்தே எந்த ரெக்கார்டு என்று சொல்லிவிடுவேன்.

ஆக, பாடகர்கள் எனக்கு அறிமுகமானது கச்சேரி மேடையிலும் இல்லை, சினிமாக் கொட்டகையிலும் இல்லை. அரை மைல் தூரத்தில், காற்றடிக்கும் பக்கம் சாய்ந்துசாய்ந்து வந்த சத்தமாகத்தான் அவர்களைத் தெரியும். அதனாலோ என்னவோ, அவர்களில் ஒவ்வொருவராக இறந்தபோது எனக்குள் நடந்தது மற்றவர்களுக்கு நடந்ததுபோல் இல்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அப்பாவுக்குப் பாடகர்களில் இரண்டே ஜாதி: வெளிக்குரல், வீட்டுக்குரல். குழாயில் அடித்தொனி வராது. நடுவிலும் மேலேயும் இருக்கிற சத்தம் மட்டும் கூர்மையாக வெகுதூரம் போகும். தபேலாவின் கும்கி ஆற்றைத் தாண்டாது, நாகஸ்வரம் தாண்டும். மனிதக் குரலுக்கும் அதே கணக்குதான். டி.எம்.சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன், கே.பி.சுந்தராம்பாள் எல்லாம் வெளிக்குரல். ஏ.எம்.ராஜா, பி.பி.ஸ்ரீனிவாஸ் வீட்டுக்குரல். ராஜாவின் ரெக்கார்டைக் கல்யாண வீட்டில் போட்டால் பந்தலுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும். தெருமுனைக்குப் போவதற்குள் கரைந்துவிடும். “அவரு பாட்டை ரேடியோவுல கேக்கணும்மா. குழாயில போட்டு அவரைக் கஷ்டப்படுத்தக் கூடாது” என்பார் அப்பா. நல்ல பாடகரா இல்லையா என்ற பேச்சே அதில் இல்லை. அப்பா ரசித்துக் கேட்டதென்னவோ ஏ.எம்.ராஜாவைத்தான். 1989ல் வள்ளியூர் ரயில் நிலையத்தில் ராஜா ரயிலில் அடிபட்டு இறந்த செய்தி வந்த அன்றைக்கு அப்பா வேலைக்குப் போகவில்லை. அப்பா வேலைக்குப் போகாமல் இருந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

எனக்கு நன்றாக நினைவிருக்கும் முதல் சாவு சீர்காழியுடையது. 1988 மார்ச் 24. எனக்கு பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பரீட்சை நேரத்தில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் போலீஸ் வந்துவந்து போவார்கள். இருந்தாலும் பங்குனி மாதத்தில் மைக் செட்டுக்கு ஓய்வு கிடையாது. அன்றைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் சாமி காரியம். எந்த விசேஷமானாலும் குழாய் கட்டி முடித்ததும் முதலில் போவது சீர்காழியின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’. இது எங்கள் வீட்டு வழக்கமில்லை, தமிழ்நாடு முழுக்க மைக் செட்காரர்களின் எழுதாத சட்டம். அன்று சாயங்கால ரேடியோ செய்தியைக் கேட்டுவிட்டு விழாக் கமிட்டியில் ஒருவர் தகராறு பண்ணியிருக்கிறார். இன்றைக்குத்தான் இறந்திருக்கிறார், பிணம் இன்னும் எடுக்கவில்லை, அவர் பாட்டில் சாமி காரியத்தை ஆரம்பிக்கலாமா என்று. தீட்டாகாதா?

அப்பா சொன்னாராம்: “அப்படிப் பாத்தா பெட்டியில பாதிப் பேரை இறக்கி வச்சுட்டுத்தான்ணே வரணும். உங்க மக கல்யாணத்துக்குத் தாலி கட்டையில வாசிச்சது யாருன்னு நெனச்சீங்க? காருகுறிச்சியாரு. அவரு போயி இருபத்தஞ்சு வருஷம் ஆகப் போகுது.”

கமிட்டிக்காரர் வாயடைத்துப் போனாராம். தம்பி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் எனக்கு அன்றைக்கு அந்தப் பதில் சிரிப்பாக இல்லை. பரீட்சைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பெட்டியில் இருந்தவர்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். நாகஸ்வரக்காரர் காருகுறிச்சி அருணாசலம் 1964ல் போய்விட்டார். தியாகராஜ பாகவதர் 1959லேயே போய்விட்டார். அவருடைய அரக்கு ரெக்கார்டுகள் கீழே போட்டால் உடைந்துவிடும் என்று தனியாகத் துணி சுற்றி வைத்திருப்போம். சுந்தராம்பாள் 1980ல். பாடல் எழுதிய கண்ணதாசன் 1981ல். எங்கள் பக்கத்தில் பெண் ஆளானதும், மாலை மாற்றியதும், தீ மிதித்ததும், பாடை எடுத்ததும் இவர்கள் பாடத்தான் நடந்திருக்கின்றன. ஊரில் உயிரோடு இருந்த யாரையும் விட இவர்கள்தான் எங்கள் விசேஷங்களுக்குத் தவறாமல் வந்திருக்கிறார்கள்.

கல்யாண மண்டபத்தில் நேரில் மேளம் வந்தாலும், விடிகாலையில் மேளக்காரர்கள் எழுந்து பல் விளக்கி வருவதற்கு முன்னால் காருகுறிச்சியின் ரெக்கார்டு குழாயில் போய்விடும். அதைக் கேட்டுத்தான் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் குளித்துக் கிளம்புவார்கள். ‘சிங்கார வேலனே தேவா’வில் எஸ்.ஜானகியின் குரலும் அவருடைய நாகஸ்வரமும் மாறிமாறி வரும் இடத்தில், மைக் செட்காரர் மகளாக நான் கவனித்தது ஒன்றுதான். குரல் வரும்போது கொஞ்சம் உள்வாங்கும் சத்தம், நாகஸ்வரம் வரும்போது ஆற்று மணலைத் தாண்டி மொட்டைமாடிக்கே வந்துவிடும். 1962ல் வந்த படத்துப் பாட்டு. இன்றைக்கும் மதுரை மண்டபங்களில் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்காதவர்கள் குறைவு.

இப்போது டி.எம்.எஸ். பெட்டியில் பாதிக்கு மேல் அவர்தான் என்பதால் அவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதவேண்டும்.

கட்சிக் கூட்டத்துக்குப் பெட்டி கட்டும்போது எனக்கு ஒரு வேடிக்கை. எந்தக் கட்சிக் கூட்டம் என்று கேட்டுவிட்டு, அண்ணா தி.மு.க. என்றால் எம்.ஜி.ஆர். படப்பாட்டுகளை எடுப்பேன், அத்தனையிலும் டி.எம்.எஸ். தி.மு.க. என்றால் நாகூர் ஹனிபா முதலில், நடுவே கொஞ்சம் டி.எம்.எஸ். காங்கிரஸ் என்றால் சிவாஜி பாட்டு, திரும்பவும் டி.எம்.எஸ். முருகன் கோயில் என்றால் அவருடைய ‘உள்ளம் உருகுதய்யா’. அந்தப் பாட்டை எழுதியவர் ஆண்டவன் பிச்சை என்ற ஒரு பெண்மணி என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. இழவு வீடு என்றாலும் அவர்தான். ஒரே ஆள் ஒரே வாரத்தில் இத்தனை பேருக்காகப் பாடியிருக்கிறார், எங்குமே அந்நியமாகத் தெரியவில்லை. எம்.ஜி.ஆருக்கு மூக்கோடு சேர்ந்த குரல், சிவாஜிக்கு நெஞ்சிலிருந்து எழும் குரல் என்று அவர் மாற்றிப் பாடுவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். குழாயில் கேட்டால் அந்த வித்தியாசம் பாதி அழிந்துபோகும். மிஞ்சுவது இரண்டுக்கும் பொதுவான ஒன்று. வார்த்தை சிதையாது. ழகரமும் ளகரமும் அரை மைலுக்கு அப்பாலும் வேறுவேறாகவே கேட்கும்.

காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் பாட்டு கற்றவர். பாகவதர் பாணியில் பாடித்தான் சினிமாவுக்குள் வந்தார். 1950ல் ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் பாடிய முதல் பாட்டைக் கேட்டால் பாகவதரோ என்று தோன்றும். மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் எட்டவேண்டும் என்று பாடிய நாடக மேடைக் காலத்துக் குரல்களைக் கேட்டு வளர்ந்த தொண்டை அது. வெளிக்குரல் என்று அப்பா சொன்னதன் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பாகவதர், கிட்டப்பா, சுந்தராம்பாள் என்று குழாய் வருவதற்கு முன்னாலேயே குழாய்க்கு ஏற்றபடி பாடியவர்கள் ஒரு வரிசை. டி.எம்.எஸ். அதில் கடைசி ஆள்.

கல்யாணமாகி நான் மதுரைக்கு வந்தது முனிச்சாலைப் பக்கம். சௌராஷ்டிர மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி. எதிர்வீட்டுப் பெரியவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். டி.எம்.எஸ். பேரை எடுத்தால் போதும், “எங்க தெரு ஆளும்மா” என்று ஆரம்பித்துவிடுவார். எந்தத் தெரு என்பது ஒவ்வொரு தடவையும் மாறும், நான் கேட்டுக்கொள்வதில்லை. 2013 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், பி.பி.ஸ்ரீனிவாஸ் இறந்தார். அப்போது பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அடுப்படியில் செல்போனில் ‘காலங்களில் அவள் வசந்தம்’ போட்டுக்கொண்டேன். சத்தத்தைக் கூட்டவேண்டிய அவசியமே இல்லாத பாட்டு. பக்கத்து அறையில் இருந்த என் கணவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

மே 25ஆம் தேதி டி.எம்.எஸ். இறந்தார். அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் தனியாகக் கேட்கவில்லை. பெரியவர் டேப் ரெக்கார்டரைத் திண்ணையில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அடுத்த வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்கள். முனையில் இருந்த டீக்கடையில் வேறொரு பாட்டு. மூன்றும் ஒன்றோடொன்று மோதி, எந்தப் பாட்டும் புரியாமல், குரல் மட்டும் புரிந்தது. ஒரே கோடையில் வீட்டுக்குரலும் போய் வெளிக்குரலும் போனது. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே வாசலில் நின்றேன். 2023ல் முனிச்சாலையில் டி.எம்.எஸ்ஸுக்குச் சிலை திறந்தார்கள். பெரியவரைக் கேட்டேன், பார்த்தீர்களா என்று. “பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல ஒரு குழாயைக் கட்டி நாலு பாட்டு போட்டா என்னவாம்?” என்றார். அதையும் இப்போது செய்ய முடியாது. கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் போலீஸ் நோட்டீஸ் வருகிறது.

இதில் ஒரு விஷயம் எனக்கு வேடிக்கையாக இருக்கும். டி.எம்.எஸ். பேரில் வரும் ‘எம்’ மதுரை இல்லை, அவருடைய அப்பா மீனாட்சி ஐயங்கார். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் ‘எம்’தான் மதுரை. மதுரை சோமுவோ பிறந்தது சுவாமிமலையில். ஊருக்கும் பேருக்கும் உள்ள கணக்கு இப்படித்தான் இருக்கிறது. ஆனால் மூவரில் மதுரைக்காரர்கள் தெருவில் நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொள்ளக் கூடியவராக இருந்தவர் சோமு என்று என் மாமனார் சொல்வார்.

சோமு கச்சேரி ஒன்றைச் சின்ன வயதில் ஒரு கோயில் திருவிழாவில் கேட்டிருக்கிறேன். கேட்டேன் என்பதைவிட, அங்கேயே தூங்கி அங்கேயே விழித்தேன் என்று சொல்லலாம். எப்போது கண் விழித்தாலும் அவர் பாடிக்கொண்டிருந்தார். கையும் உடம்பும் சேர்ந்து பாடும் மனிதர். மைக்குக்கு நேராக நிற்க வைக்க முடியாது. மைக் கட்டியவருக்குத்தான் திண்டாட்டம். மண்தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்த விவசாயிகளும் மூட்டை தூக்குகிறவர்களும் ராகத்தின் பெயர் தெரியாமல் தலையாட்டினார்கள். சபாக்களில் கைகட்டி உட்கார்ந்து கேட்கிற சங்கீதத்தைக் கோயில் பொட்டலுக்கு இறக்கி வைத்தவர் அவர். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும், தாள நுணுக்கமெல்லாம் எனக்குத் தெரியாது.

எங்கள் பெட்டியில் இருந்த ஒரே சோமு ‘மருதமலை மாமணியே’. 1972ல் வந்த ‘தெய்வம்’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்தது. படத்தில் சோமுவே உட்கார்ந்து பாடுவார். இந்தப் பாட்டை நான் எப்போதும் வரிசையில் நடுவில்தான் வைப்பேன். முதலில் வைத்தால் அதற்கப்புறம் வருவதெல்லாம் சோர்ந்து தெரியும். கடைசியில் வைத்தால் ஜனம் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். சோமு 1989 டிசம்பர் 9ல் இறந்தார். ஐயப்பசாமிக்கு மாலை போட்டிருக்கும் காலம். அந்த வாரம் பஜனைகளுக்குப் போட்ட குழாய்களில் எல்லாம் ஐயப்பனுக்கு நடுவே மருதமலை முருகன் வந்துவந்து போனார். குன்னக்குடி 2008 செப்டம்பரில் போனார். நெற்றி நிறைய விபூதியும் பெரிய குங்குமமுமாக அவர் வயலினைப் பேசவைத்ததைச் சில வித்வான்கள் குறைத்துப் பேசுவார்கள். பேசட்டும். எங்கள் பக்கத்து ஜனத்துக்கு வயலின் என்றால் அவர்தான்.

மதுரை மணி ஐயர் எங்கள் பெட்டியில் இருந்ததில்லை. 1968ல், நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்டார். வானொலியில் அவர் ஸ்வரம் பாடுவதைக் கேட்டபோது எனக்கு வயது முப்பதுக்கு மேல். அதிகம் எழுத எனக்கு ஒன்றும் இல்லை; ஆனால் கேட்டால் வாய் தானாகச் சிரிக்கிறது.

எம்.எஸ். விஷயம் வேறு. அப்பாவின் இரண்டு ஜாதியிலும் சேராதவர், அல்லது இரண்டிலும் சேர்ந்தவர். மார்கழி மாதம் முழுக்கக் கோயிலில் விடியற்காலை ரெக்கார்டு போட அப்பாவுக்குக் காண்ட்ராக்ட். காசு குறைவுதான், ஆனால் தட்டாமல் போவார். சுப்ரபாதம் எம்.எஸ்., அதன் பிறகு எம்.எல்.வசந்தகுமாரியின் திருப்பாவை. ஒருவர் முடிக்க ஒருவர் தொடங்க, கோலம் போட உட்கார்ந்த பெண்களுக்கு அதுதான் கடிகாரம். எம்.எல்.வி. திருப்பாவையில் இந்த இடம் வருவதற்குள் புள்ளி வைத்து முடிக்கவேண்டும் என்று அம்மாவுக்கு ஒரு கணக்கே இருந்தது. அந்த நேரத்தில் வேறு சத்தம் ஏதும் இல்லாததால் மெல்லிய கமகம்கூடக் குழாயில் கேட்கும். எம்.எல்.வி. 1990 அக்டோபரில் மறைந்தார். அடுத்த மார்கழிக்குக் கோயிலில் அதே ரெக்கார்டுதான் போட்டார்கள், அம்மாவும் அதே கணக்கில்தான் கோலம் போட்டார்.

எம்.எஸ். 2004 டிசம்பர் 11ல் இறந்தார். அனுமந்தராயன் கோயில் தெருவில் அவர் பிறந்து வளர்ந்த வீட்டைப் பார்க்க நானும் என் மகளும் அந்த வாரம் போனோம். முகப்பில் வீணை இருக்கும். அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். சுற்றிலும் கடைகள், பார்சல் மூட்டைகள், தள்ளுவண்டி. “இவங்களுக்கா பாரத ரத்னா கொடுத்தாங்க?” என்று மகள் கேட்டாள். ஆமாம், 1998ல், சங்கீதக்காரர்களில் முதல் ஆள் என்றேன். அங்கே கொஞ்ச நேரம் நிற்க நினைத்தோம், தள்ளுவண்டிக்காரர் நிற்க விடவில்லை. பதினைந்தே நாளில் சுனாமி வந்தது. நாட்டில் யாருக்கும் எம்.எஸ்ஸைப் பற்றிப் பேச மனசு இல்லாமல் போனது.

கேசட் வந்த பிறகு தொழிலைத் தம்பி எடுத்துக்கொண்டான். அப்போது வந்த குரல்கள் அப்பாவைக் குழப்பின. எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாட்டுக்கு நடுவே லேசாகச் சிரிப்பார், மூச்சை இழுப்பார். அதில்தான் பாதி அழகு. அதெல்லாம் குழாயில் வரவே வராது. “இந்தத் தம்பி காதுக்குள்ள பாடுறாரு” என்பார் அப்பா. ஸ்வர்ணலதா இன்னும் மோசம், அதாவது குழாய்க்கு. ‘போறாளே பொன்னுத்தாயி’யைத் தம்பி ஒரு சடங்கு வீட்டில் போட, நான் மொட்டைமாடியிலிருந்து கேட்டேன். பாட்டு ஆற்று நடுவிலேயே நின்றுவிட்டது. தாளம் மட்டும் கரையேறி வந்தது. அதே பாட்டை ராத்திரி ரேடியோவில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டபோதுதான் அந்தப் பெண் அதற்குள் என்ன செய்திருக்கிறார் என்பது புரிந்தது. தேசிய விருது பிறகு வந்தது. 2010 செப்டம்பர் 12ல், 37 வயதில் போய்விட்டார். என் வயதை விடச் சின்னவர். இந்தப் பட்டியலில் எனக்குக் கோபம் வரும் ஒரே சாவு அது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

மலேசியா வாசுதேவன் 2011 பிப்ரவரியில். அவர் சந்தேகமில்லாமல் வெளிக்குரல். தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று எங்கு மாடு அவிழ்த்தாலும் ‘பொதுவாக எம்மனசு தங்கம்’ போகாமல் இருக்காது. கடல் தாண்டி மலேசியாவில் பிறந்தவர், அலங்காநல்லூர்க் களத்துக்கு எப்படி இத்தனை பொருத்தமாகப் பாடினார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

நாகூர் ஹனிபா 2015 ஏப்ரலில். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ ரெக்கார்டை மாரியம்மன் திருவிழாவுக்கான பெட்டியிலும் வைப்பேன். வைக்காமல் அனுப்பினால் கேட்டு ஆள் வரும். இதைப் பெரிய விஷயமாக அப்போது யாரும் பேசவில்லை.

பெட்டியில் இல்லாத குரல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கும்மி, குலவை, நடவுப் பாட்டு, ஒப்பாரி இதற்கெல்லாம் யார் ரெக்கார்டு போட்டார்கள்? அந்தப் பெண்களுக்கு அப்பா மைக்கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திரும்பின முகத்தோடு பாடினாலும் மைக் வேண்டாம் என்கிற அளவுக்குக் கேட்கும். பரவை முனியம்மாவை 2003ல் ‘தூள்’ படத்தில் பார்த்தபோது எங்கள் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. சமயநல்லூர் வழியாகப் பஸ்ஸில் போனால் பரவை மார்க்கெட்டில் கூடையோடு ஏறுகிற பெண்களில் பாதிப் பேருக்கு அந்தக் குரல்தான். அவர் 2020 மார்ச் 29ல் இறந்தார். நாடு முழுக்க ஊரடங்கு போட்டு ஐந்தாம் நாள். எத்தனையோ ஊர்த் திருவிழாக்களில் கூட்டத்தைப் பாட்டாலேயே கட்டிப்போட்டவர். கூட்டம் கூடக் கூடாத நாளில் போனார். பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம்தான், யாராலும் போக முடியவில்லை. எஸ்.பி.பி.யும் அதே வருஷம் செப்டம்பரில்.

கொல்லங்குடி கருப்பாயி 2025 ஜூனில் போனார், 99 வயது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். 1985ல் ‘ஆண்பாவம்’ படத்தில் பாட்டியாக வந்து பாடியபோதே எங்களுக்கெல்லாம் அவர் கிழவிதான். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இருந்திருக்கிறார், நாம்தான் கேட்கவில்லை. கே.ஏ.குணசேகரனின் கேசட் ஒன்று தம்பியிடம் இருந்தது. தொழிற்சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போனது. இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை அவர் பாடுவதைக் கேட்ட அப்பா, “இந்த ஆளு குழாய் இல்லாமலே ஆத்தைத் தாண்டுவாரு” என்றார். பாடியவர் 2016 ஜனவரியில் போனார், எழுதியவர் அதே வருஷம் டிசம்பரில்.

அப்பா இறந்தபோது ஒரு சங்கடம் வந்தது. மைக் செட்காரர் வீட்டு இழவுக்கு யாரிடம் போய் மைக் செட் கேட்பது? தம்பி இருக்கும் நிலையில் குழாய் கட்ட முடியுமா? நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே, இருபது வருஷமாக அப்பாவுக்குப் போட்டியாகத் தொழில் பண்ணியவர் தன் ஆட்களோடு வந்து வேப்பமரத்தில் குழாயைக் கட்டினார். வாடகை வாங்கவில்லை. இழவு வீட்டில் அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லோரும் ‘வீடு வரை உறவு’ போடச் சொல்லிக் கேட்பார்கள். யார் யார் எதுவரைக்கும் வருவார்கள் என்று கணக்குச் சொல்லுகிற பாட்டு அது. அந்த வீட்டு அம்மா கதறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைப் போட மாட்டார். “பொண்டாட்டி காதுல விழுற மாதிரி அதைப் போடக் கூடாது” என்பார். போட்டிக்காரருக்கு அது தெரிந்திருந்தது. பாடையைத் தூக்கித் தெருவைத் தாண்டும்வரை அந்த ரெக்கார்டைத் தொடவே இல்லை. சீர்காழியாகவே போட்டுக்கொண்டிருந்தார்.

போன வருஷம் சென்னையிலிருந்து பழைய ரெக்கார்டு வாங்குகிற ஒருவர் தம்பி வீட்டுக்கு வந்தார். பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். டி.எம்.எஸ். முருகன் பாட்டுகள் எல்லாம் ஊசி ஓடி ஓடி வெளுத்துப் போயிருந்தன. விநாயகனே ரெக்கார்டில் கோடே இல்லை. எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கினார். யாரும் ஒரு தடவைகூடக் கேட்டு வாங்காத ஒரு கச்சேரி எல்.பி., ஏதோ மொத்தமாக வாங்கியபோது வந்து சேர்ந்தது, பளபளவென்று இருந்தது. அதற்கு அவர் சொன்ன விலையைக் கேட்டுத் தம்பி இரண்டு தடவை “எவ்வளவு?” என்றான். ஏ.எம்.ராஜா ரெக்கார்டுகளையும் நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். குழாய்க்குப் போகாததால் அவை தப்பியிருந்தன. வெளிக்குரல் மொத்தமும் பரணில் மிச்சம்.

“அந்தப் பெட்டியை எடுத்துட்டா கிரைண்டரை மேல ஏத்திரலாம் மதினி” என்று தம்பி மனைவி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை தம்பி மகன் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவருகிறான். என் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டேன். ஒரு பெட்டி சரியாகப் போகும். இன்னொன்றுக்குக் கட்டிலின் காலுக்குச் செங்கல் வைக்கவேண்டும்.